எல்லாருக்கும் உள்ளேன் சொன்னவள்

அந்தப் பிள்ளையின் சொந்தக் குரலை நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். இத்தனைக்கும் அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. ஒன்பதாம் வகுப்புக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உலை கொதிக்கிற சத்தத்தையும் தாண்டி அவள் சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அது ஹெட்மாஸ்டர் குரலாக இருக்கும், இல்லை தமிழய்யா குரலாக இருக்கும், அதுவும் இல்லையென்றால் சைக்கிளில் உப்பு விற்றுக்கொண்டு வருகிறவர் குரலாக இருக்கும். அவள் குரல் எது என்று கூடப் படித்த பிள்ளைகளைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளிக்கூடம் அரியலூர் போகிற ரோட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடம். ஆள் உயரத்துக்கு மேல் இன்னொரு ஆள் நிற்கலாம், அத்தனை உயரக் கதவு. தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சுவர். உள்ளே நின்று ஒரு வார்த்தை சொன்னால் அது நாலு சுவரிலும் மோதி, எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் வரும். அந்தக் கட்டிடத்தில்தான் நான் ஆயா வேலை பார்த்தேன். அரிசி களைவது, பாத்திரம் கழுவுவது, வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கரண்டியால் போடுவது.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு நூறு வயசு ஆகிவிட்டது என்று மலர் போடுகிறார்கள். டாக்டர் ஆனவர்கள், துபாயில் இருக்கிறவர்கள், வாத்தியார் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் எழுதுகிறார்கள். ஆயா, நீங்களும் ஞாபகம் இருக்கிறதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் அஞ்சாவது வரைக்கும்தான் போனவள். நாலு பேர் முன்னால் பேசு என்றால் எனக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். எழுதுவது என்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன். அவள் பேரை மட்டும் எழுத மாட்டேன். இது யாரைப் பற்றி என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் ஹெட்மாஸ்டர் பேசுவதற்கு முன்னால் தொண்டையை ரெண்டு தடவை செருமுவார். முதல் செருமல் சின்னது. ரெண்டாவது கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அதைக் கேட்டாலே பள்ளிக்கூடம் அடங்கிவிடும். ஒரு மத்தியானம் சோறு தின்ற மயக்கத்தில் வரலாறு சார் மேசையில் தலையைச் சாய்த்திருந்தார். இவள் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே வந்து கதவுக்குப் பின்னால் நின்று அந்த ரெண்டு செருமலையும் செருமினாள். வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. வரலாறு சார் துள்ளி எழுந்து, சட்டைப் பித்தானைச் சரிபண்ணிக்கொண்டு, வராந்தாவுக்கு ஓடி வந்து கையெடுத்து வணக்கம் வைத்தார். அங்கே யாரோ வூட்டு வெள்ளாடு ஒன்று நின்று கொண்டிருந்தது. சார் ஆட்டைப் பார்த்தார். ஆடு சாரைப் பார்த்தது. அடுப்படியில் இருந்த நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற இங்கிலீஷ் சார் ஒருவர் இருந்தார். சாயங்கால டவுன் பஸ்ஸை விட்டால் அவர் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அதனால் கடைசிப் பீரியடில் அவருக்கு ஒரு காது பாடத்தில், ஒரு காது ரோட்டில். அந்த பஸ்ஸின் ஆரன் பழுதாகி, கன்றுக்குட்டி கத்துவது போல உடைந்து உடைந்து வரும். கடைசி பெஞ்சில் குனிந்துகொண்டு இவள் அந்த ஆரனை வாயால் அடித்தாள். சார் சாக்பீஸைப் போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மறுநாள் வந்து பிள்ளைகளிடமே சொல்கிறார், "நேத்து பஸ்ஸு என்னமோ ஒரு தடவ வந்து போயிட்டு, மறுபடியும் ஒரு தடவ வந்துச்சுப்பா." வகுப்பு தலையைக் குனிந்துகொண்டு குலுங்கியது. இவள் மட்டும் ரொம்பக் கவலையாக, அப்படியா சார் என்று கேட்டாளாம். அதையும் அந்த பஸ் கண்டக்டர் மாதிரியே கேட்டாளாம்.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் யாரையும் நோகடித்ததில்லை. பியூன் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். அவர் பேச்சை அச்சு அசலாகப் பேசுவாள், நடையைத் தொட மாட்டாள். திக்குவாய் இருந்த ஒரு பையனை அவள் பேசிக் காட்டும்போது அவன் திக்காமல் பேசுவான். அவனே வந்து, இன்னொரு தடவை என்னைப் பேசிக் காட்டு என்று கேட்பான்.

என்னிடம் ஒரு நாள் வந்து, தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்களத்தான் ஆயா புடிக்க முடியல. பேசினாத்தானே புடிக்கிறதுக்கு." இதை எங்கள் சத்துணவு அமைப்பாளர் அம்மா குரலில் சொன்னாள். அந்த அம்மா பக்கத்தில்தான் நிற்கிறாரோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். அடுத்த வாரமே என்னையும் பிடித்துவிட்டாள். குரல் இல்லாமலே பிடித்தாள். இல்லாத கரண்டியை அண்டா விளிம்பில் ரெண்டு தட்டுத் தட்டி, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, என்னவோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னை ஒருத்தி இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறாளே என்று இருந்தது.

முதலில் சிரிக்கிறது எப்போதும் மல்லிகாதான். இவளுடன் ஒரே பெஞ்சில் உட்காருகிற பெண். இவள் குரல் மாற்றிப் பேசிவிட்டுக் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாள். மல்லிகாவால் அடக்க முடியாது. மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வெடித்து வரும். அதை வைத்துத்தான் சார்கள் கண்டுபிடிப்பார்கள். ரெண்டு பேரையும் வராந்தாவில் முட்டி போடச் சொல்லுவார்கள். முட்டி போட்ட இடத்திலும் மல்லிகா சிரித்துக்கொண்டிருப்பாள்.

இந்த உள்ளேன் ஐயா கதைக்கு வருகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு வருகைப் பதிவு எடுக்கிறவர் கணக்கு சார். ரிட்டயராகப் போகிற வயசு. ரெண்டு கண்ணிலும் புரை. பதிவேட்டை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். தலை நிமிர மாட்டார். நிமிர்ந்தாலும் அவருக்கு முகம் தெரியாது. காதில் விழுந்தால் போதும், குறித்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார்.

எங்கள் பக்கம் பருத்தி வெடித்துவிட்டால் செடியில் விட்டுவைக்க முடியாது. பனி குடித்து நிறம் மாறிவிடும். அந்த நாளில் பெரிய பிள்ளைகள் எல்லாம் மடியைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று ஒரு பயம் பிள்ளைகளுக்கு உண்டு. அப்படித்தான் இவள் ஆரம்பித்தாள். முதலில் ஒருத்திக்கு. அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம். சார் பேரைக் கூப்பிட்டால், வராத பிள்ளையின் குரலிலேயே உள்ளேன் ஐயா வரும். முந்தின நாள் சளி பிடித்திருந்த பெண்ணுக்கு மறுநாளும் மூக்கடைப்போடு வரும். குரல் உடைந்துகொண்டிருக்கிற பையனுக்குப் பாதி ஆம்பளைக் குரலும் பாதி சின்னப்பிள்ளைக் குரலுமாக வரும். அந்தக் கட்டிடம் வேறு அவளுக்குத் துணை. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்வை நன்றாக உள்ளவருக்கே தெரியாது. சில நாள் பெஞ்சு பாதி காலி, பதிவேட்டில் வகுப்பு நிறைந்திருக்கும்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், பதிவேட்டுக் கணக்குத்தான் எங்களுக்கு அரிசி அளக்க வரும். மொத்தப் பேருக்கும் ஆக்கி வைப்போம். தட்டு தூக்கிக்கொண்டு பாதிப் பேர்தான் வருவார்கள். முட்டை போடுகிற நாளில் மட்டும் பருத்தியாவது ஒன்றாவது, எல்லாரும் வந்துவிடுவார்கள். சமைக்கிற அம்மா அண்டாவைப் பார்த்துவிட்டு, இதுங்க எல்லாம் எங்க போயித் திங்குதுங்க என்று தலையில் அடித்துக்கொள்வார். இவள் ஒரு தூக்குவாளியோடு வந்து நிற்பாள். மிஞ்சின சோற்றை வாங்கிக்கொண்டு போய்ச் சாயங்காலம் பருத்திக் காட்டில் நிற்கிற கூட்டாளிகளுக்குக் கொடுப்பாள். "உள்ளேன்னு சொன்ன வாய்க்குச் சோறு போகணுமுல்ல?" என்று சமைக்கிற அம்மா குரலிலேயே கேட்பாள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு அள்ளிப் போட்டுவிடுவார்.

மல்லிகாவுக்கும் அவள் உள்ளேன் சொல்லியிருக்கிறாள். மல்லிகா சொல்வது தனி மாதிரி. லேசாக மூக்கில் வரும். கடைசி 'யா'வை மேலே தூக்கி விடுவாள், சாரையே கேள்வி கேட்கிறாற்போல.

அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் மல்லிகா பேருக்கு 'யா' மேலே தூக்கி ஒரு உள்ளேன் ஐயா கேட்டது. நான் அந்தப் பக்கம் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். நாளைக்கு நான் பருத்தி எடுக்கப் போறேன்டி என்று முந்தின நாள் மல்லிகா இவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டில் அவள் அம்மா, பரீட்சை வருது, நீ பள்ளிக்கூடம் போ, நான் பாத்துக்கிறேன் என்று அனுப்பிவிட்டது இவளுக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் மல்லிகாவின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பருத்திக் காட்டுக்குப் போகிற வழி. மகள் சாப்பாட்டுத் தட்டை மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள், கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தது. கணக்கு சாரைக் கேட்டாள். அவர் பதிவேட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வந்திருக்கும்மா, காலையில உள்ளேன் சொன்னாளே, இங்கதான் எங்கயாச்சும் இருப்பா என்றார். அம்மா தட்டை என்னிடம் கொடுத்தாள். எவர்சில்வர் தட்டு. விளிம்பில் மல்லிகா என்று பேர் வெட்டியிருந்தது. எங்க வூட்டு மகாராணி தட்ட மறந்துட்டு வந்துட்டா, ரெண்டு கரண்டி கூடப் போடுங்க என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மல்லிகா வரிசையில் வரவில்லை. இவள் வந்தாள். தட்டை எடுத்து, இந்தா, அவ அம்மா குடுத்துச்சு என்று நீட்டினேன். தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், நான் குடுத்துடறேன் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள். பேசவில்லை. அவள் குரல் எதுவும் போடாமல் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. வேலை நேரம், எனக்கு அது மனசில் நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் மல்லிகா ஊருக்கும் நடுவில் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுத்துவிட்டு விட்டுப்போன பழைய பள்ளம் இருக்கிறது. கரையோரம் ஒரு ஒத்தையடிப் பாதை. நேரமாகிவிட்டால் பிள்ளைகள் அதில்தான் ஓடிவருவார்கள். அந்தக் காலையில் மல்லிகா அந்தப் பாதையில் வரும்போது கரை சரிந்து உள்ளே போய்விட்டாள். தண்ணீர் இல்லாத பள்ளம், கல்லும் முள்ளும். சாயங்காலம் ஆடு ஓட்டிப்போனவர் ஏதோ முனகல் கேட்கிறதே என்று எட்டிப் பார்த்திருக்கிறார். அப்போதும் உயிர் இருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போயிருந்தது என்று தூக்கினவர்கள் சொன்னார்கள். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள். கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தால் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். அந்த வார்த்தை ஊருக்குள் வந்துவிட்டது.

அந்தப் பிள்ளை பள்ளத்தில் கிடந்து கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவள் குரல் உள்ளேன் என்று சொல்லியிருக்கிறது.

காரியம் எல்லாம் முடிந்து மல்லிகாவின் சொந்தக்காரர்கள் திரண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். காலையில் வகுப்பில் இருந்த பெண் எப்படிப் பள்ளத்துக்குப் போனாள் என்பதுதான் அவர்கள் கேள்வி. கேட்டதில் தப்பில்லை. சார் அடித்தாரா, திட்டி வெளியே துரத்தினாரா, அவள் ஓடிப்போய் விழுந்தாளா? வாய்க்கு வந்ததெல்லாம் வந்தது. இதைவிட அசிங்கமாகவும் ஒருத்தன் கேட்டான். கணக்கு சார் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றுதான் சொல்லத் தெரிந்தது. "அந்தப் புள்ள உள்ளேன் சொல்லுச்சுங்க. எங் காதால கேட்டேன். பொய் சொல்லலைங்க." அவர் சொல்லச் சொல்லக் கூட்டத்துக்குக் கோபம் ஏறியது. ஒருத்தன் அவர் கண்ணாடியைப் பிடுங்கிக் கீழே போட்டான். மல்லிகாவின் அம்மா கொடிக்கம்பத்துக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவளுக்காகத்தான் திறக்கவில்லை.

அவள் வெளியே வந்தாள். ஹெட்மாஸ்டர் உள்ளே போ என்று கையைக் காட்டினார். அவள் படியில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "உள்ளேன் ஐயா."

லேசாக மூக்கில், கடைசி 'யா'வைத் தூக்கி.

கொடிக்கம்பத்தடியில் இருந்தவள் விருட்டென்று எழுந்துவிட்டாள். எங்க, எங்க எம் புள்ள என்று நாலா பக்கமும் பார்த்தாள். வராந்தாவில், வகுப்புக்குள், என் பின்னால் அடுப்படியில் எல்லாம் அவள் கண் ஓடியது. அப்புறம்தான் படியில் நிற்கிறவளைப் பார்த்தாள். கூட்டம் மொத்தமும் அடங்கிவிட்டது. கணக்கு சார் தூணைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். அம்மா நடந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அடித்திருந்தால்கூட அந்தப் பிள்ளைக்கு நல்லதாகப் போயிருக்கும். அவள் மோவாயைப் பிடித்துத் தூக்கி, "இன்னொரு தடவ சொல்லுடி" என்றாள்.

அவள் சொன்னாள்.

அதற்கப்புறம் அந்த வகுப்பிலிருந்து சுவரைத் தாண்டி எந்தச் சத்தமும் வரவில்லை. கணக்கு சார் லீவு போட்டுப் போனவர் திரும்பவே இல்லை. புதிதாக வந்த டீச்சர் ஒவ்வொரு பேருக்கும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குறிப்பார்கள். எல்லாரும் உள்ளேன் சொல்வார்கள். இவள் எழுந்து நின்று கையை மட்டும் தூக்குவாள். வாயைத் திறந்து சொல்லு என்று டீச்சர் ஒரு தடவை அதட்டினார்கள். விடுங்க டீச்சர் என்று வகுப்பே சொல்லியது.

ஆனால் மத்தியானம் ஆனதும் மல்லிகாவின் அம்மா வந்துவிடுவாள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு புங்க மரம். அதன் கீழே வந்து உட்காருவாள். மடியில் அவித்த கடலையோ சோளமோ கட்டிக்கொண்டு வருவாள். இவள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நேரே போய் அவளுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். அம்மா இவள் சடையை அவிழ்த்துச் சீவிப் பின்ன ஆரம்பிப்பாள். பின்னி முடிக்கிற வரைக்கும் இவள் மல்லிகா குரலில் பேசுவாள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. இழுக்காதம்மா வலிக்குது. வூட்டுல இன்னிக்கும் ரசந்தானா. அந்தப் பச்சைத் தாவணிய எனக்குத் தர்றேன்னு சொன்னியே. அம்மாவும் பதில் சொல்வாள். ஒரு நாள் ரெண்டு பேரும் எதற்கோ சண்டைகூடப் போட்டார்கள். நான் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்க்காத வரைக்கும் அங்கே மல்லிகா இருப்பாள்.

ஊரில் சும்மா இருப்பார்களா? செத்த பெண் இவள் மேல் இறங்கியிருக்கிறாள் என்றார்கள். இவள் அப்பா வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போனார். கயிறு கட்டிவிட்டார். அந்தக் கயிற்றோடும் வந்து மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முகம் சிறுத்துப்போய்விட்டது. போட்ட சோற்றில் பாதியை அப்படியே கொட்டினாள். சார்கள் நடந்து போனால், அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பாளே, அது இல்லை. யார் குரலும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

முழுப் பரீட்சை முடிந்த கையோடு அவள் அப்பா அவளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். அங்கே சின்னம்மா வீடு இருந்தது. போகிறதற்கு முன்னால் அவள் அடுப்படிக்கு வந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன். கதவோரம் நின்றுகொண்டு பேசினாள்.

"ஆயா, நான் நாளைக்குக் கிளம்புறேன்."

யார் குரல் இது என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் கரகரப்பு. அந்த வயசுக்குக் கனமான குரல். ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் ஒரு சின்னத் தயக்கம். நான் பேசினால் எப்படிப் பேசுவேனோ அப்படி. அப்புறம்தான் தெரிந்தது, இதுதான் அவள் என்று.

தட்டைக் கண்டதுமே திக்குன்னுச்சு ஆயா என்றாள். அவ அம்மாவே தட்டக் கொண்டாந்து குடுக்குதுன்னா அவ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்திருக்கான்னுதானே அர்த்தம், எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. சொன்னா எல்லார் உள்ளேனும் வெளிய வந்துடும், எல்லாரும் மாட்டிக்குவாங்கன்னு பேசாம இருந்துட்டேன் என்றாள். அவள் தலையில் கையை வைத்தேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

அவள் சொல்ல வந்தது அது இல்லை. இன்னொன்று.

"அவ குரல் எனக்கு மறந்துபோச்சு ஆயா. கொஞ்ச நாளாவே இல்ல. இப்ப மரத்தடியில அத்தைகிட்ட, அவ அம்மாகிட்ட, நான் பேசுறது மல்லிகா இல்ல, நானா என்னமோ பேசுறேன். அத்தைக்கு அது தெரியல. இப்படியே பேசிக்கிட்டிருந்தா அத்தை மனசுலயும் இதுதான் மல்லிகான்னு ஆயிடும். மிச்சமிருந்த மல்லிகாவையும் நானே அழிச்சிடுவேன் ஆயா. அதான் சொல்லாமப் போறேன்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. நாங்கள் அடுப்படியைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தோம். மல்லிகாவின் அம்மா வழக்கம்போல வந்து புங்க மரத்தடியில் உட்கார்ந்தாள். நான் போய் எதிரில் நின்றேன். எப்படிச் சொல்வது என்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவளே, போயிட்டாளா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். நல்லது என்றாள். மடியில் இருந்த கடலையை எடுத்து என் கையில் கொட்டினாள்.

பிறகு அவள் சொன்னதை மறக்காமல் எழுதுகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

"அது எம் புள்ள குரல் இல்லன்னு எனக்குத் தெரியாதா? மொத ரெண்டு நாளு இருந்துச்சு. அப்புறம் இல்ல. மல்லிகா அவ்வளவு பொறுமையா தலைய நீட்டிக்கிட்டு ஒக்கார மாட்டா. ஒரு பின்னல் முடியறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிடுவா. நான் எம் புள்ளையக் கேக்க வரலக்கா. நான் வரலைன்னா அந்தப் புள்ளையும் எங்கயாச்சும் போயி விழுந்துடுமோன்னுதான் வந்தேன். ஒரு பள்ளத்துல ஒண்ணு போனது போதும். சடை பின்னும்போது அதோட தோளு நடுங்கிக்கிட்டே இருக்கும். அது நின்ன அன்னைக்கு வர்றத விட்டுடலாம்னு பாத்தேன். நிக்கவே இல்லக்கா."

வெறும் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பல்லை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போது சொன்னாள்: எங்கயாச்சும் பாத்தா சொல்லுக்கா. அது ஒரு தடவகூட அது குரல்ல எங்கிட்ட பேசல. யம்மா யம்மான்னு மல்லிகாவாவே கூப்பிட்டுச்சு. அது குரல்ல ஒரு தடவ அத்தைன்னு கூப்பிட்டாப் போதும்.

நான் அப்புறம் அவளைப் பார்க்கவே இல்லை. திருப்பூரில் கல்யாணம் ஆகி, ஈரோட்டுப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். அவள் அப்பாவும் ஊரை விட்டுப் போய்விட்டார். அவளோடு படித்தவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு மலர் போகுமாம். யார் கையிலிருந்தாவது இது அவள் கைக்குப் போகாதா என்றுதான்.

ஏ பிள்ளை, உன் அத்தை அதே வீட்டில்தான் இருக்கிறாள். முடியெல்லாம் வெளுத்துவிட்டது. புங்க மரத்தை வெட்டிவிட்டுப் புதுக் கட்டிடம் கட்டிவிட்டார்கள், அதைத் தேடாதே. நேரே வீட்டுக்கே போ. அவளுக்கு இப்போது காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. இடது பக்கம் சுத்தமாகப் போய்விட்டது. வலது பக்கமாகப் போய் நின்று கூப்பிடு.